எதிர்பார்த்தது, நடந்தது

"நான் வேலையை விட்டுடட்டுமா?" என்று கேட்டான் திருமாறன்.

நசீமா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன ஆச்சு?"

"முடியல."

"எது முடியல?"

"எதுவுமே."

குரு என்றால் தாடி வேண்டும், காவி வேண்டும், குறைந்தது அறுபது வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நசீமாவுக்கு முப்பத்தோரு வயது. திருமாறனைவிட ஏழு வயது சின்னவள். திருமாறனைப் போன்றவர்கள் எழுதும் மென்பொருளை ஓட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. டெஸ்டர் என்பார்கள்.

சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் கம்பெனியின் ஏழாவது மாடி. அங்கே சிக்கல் என்று வந்தவர்கள் மற்ற எல்லாரிடமும் கேட்டுவிட்டுக் கடைசியில் போய் நிற்பது அவள் மேஜைக்கு முன்னால்தான். குரு என்று கூப்பிட்டால் முறைப்பாள். அதனாலேயே எல்லோரும் அப்படிக் கூப்பிட்டார்கள்.

"பெங்களூர்ல ஒரு கம்பெனியில கூப்பிடறாங்க" என்றான் திருமாறன். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வரேனா இல்லையான்னு சொல்லணும்."

"போங்களேன்."

"பத்து வருஷத்துல இது மூணாவது தடவை நசீமா. மலர் ஏற்கெனவே எனக்காக ரெண்டு ஸ்கூல் வேலைய விட்டுட்டா."

மலர் அவன் மனைவி. கணக்கு டீச்சர்.

"அவங்க என்ன சொல்றாங்க?"

"எங்க வேணா வரேங்கறா. ஆனா அங்க வந்தும் இதே மூஞ்சியோட உக்காந்திருந்தா என்னால தாங்க முடியாதுங்கறா."

நசீமா இப்போது அவன் மூஞ்சியைப் பார்த்தாள். நிஜமாகவே பார்க்கச் சகிக்கவில்லை.

"எழுதிட்டு வாங்க" என்றாள்.

"என்னத்த?"

"பக் ரிப்போர்ட்."

அந்த மாடியில் அது ஒரு வழக்கம். மென்பொருளில் பிழை இருக்கிறது என்று வாயால் சொன்னால் செல்லாது. ஒரு ஃபாரம் உண்டு. என்னென்ன செய்தால் அந்தப் பிழை வருகிறது என்று வரிசையாக எழுத வேண்டும். என்ன எதிர்பார்த்தாய், என்ன நடந்தது, இதை யார் சரிசெய்ய வேண்டும் என்றும் எழுத வேண்டும். சர்வர் தீப்பிடித்து எரிந்தாலும் ஃபாரம் வந்தால்தான் நசீமா திரும்பிப் பார்ப்பாள்.

"நான் என்ன மென்பொருளா?" என்று கோபித்துக்கொண்டு போனான் திருமாறன்.

ஆனால் எழுதினான்.

*

செவ்வாய்க்கிழமை.

ஃபாரத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. 'ஆபீசுக்கு வந்தால் எரிச்சலாக இருக்கிறது.'

நசீமா அதை ஏற்காமல் மூடினாள். காரணம் என்ற இடத்தில், 'எனக்கு வரவில்லை' என்று எழுதினாள். அதே பிழை தன்னிடமும் வந்தால்தான் டெஸ்டர் ஏற்றுக்கொள்வாள்.

"உங்களுக்கு எப்படி வரும்? எனக்குத்தானே வருது!"

"நானும்தான் ஆபீசுக்கு வரேன்."

"எனக்கு வேலை ஜாஸ்தி."

"அப்ப அத எழுதுங்க."

*

புதன்கிழமை.

'வேலை அதிகம். வாரத்துக்கு அறுபது மணி நேரம். அதனால் சோர்வு.'

நசீமா இரண்டு தடவை படித்தாள்.

"வேலை ஜாஸ்தின்றது உண்மைதான். ஆனா போன வருஷம் ஜூன் மாசம் ஒரு வாரம் ஞாயிறு உள்பட தினம் பன்னெண்டு மணி நேரம் உக்காந்தீங்களே. ஞாபகம் இருக்கா?"

"தடுப்பூசி ஆப்."

"அந்த வாரம் நீங்க பாடிக்கிட்டே இருந்தீங்க."

"நானா?"

"சுருதியே இல்ல. தாங்கமுடியாம நான் ஹெட்போன் மாட்டிக்கிட்டேன்."

திருமாறனுக்குப் பாடியது நினைவில்லை. அந்த வாரம் நினைவிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தொலைவில் உள்ள தாய்மார்கள் குழந்தைக்கு எந்த மாதம் எந்த ஊசி போட வேண்டும் என்று ஃபோனிலேயே பார்த்துக்கொள்ளும் ஆப். திங்கட்கிழமை முப்பது ஆஸ்பத்திரிகளில் வெளியாகப் போகிறது என்று சொல்லியிருந்தார்கள்.

"கடைசியா எப்ப நல்லா ஓடிச்சு, எப்பலேர்ந்து ஓடல. அதக் கண்டுபிடிங்க" என்றாள் நசீமா. "எந்தப் பிழைக்கும் அதுதான் முதல் வேலை. உங்களுக்கே தெரியும்."

"அந்தத் திங்கக்கிழமை" என்றான் அவன்.

"என்ன ஆச்சு அன்னைக்கு?"

"ஒண்ணும் ஆகல. ஒரு மெயில் வந்துச்சு."

*

வியாழக்கிழமை அவன் கொண்டுவந்த ஃபாரம் நீளமாக இருந்தது.

'படி ஒன்று: புது வேலை வரும்.
படி இரண்டு: ஆசையாக ஆரம்பிப்பேன்.
படி மூன்று: ராப்பகலாக உட்கார்ந்து முடிப்பேன்.
படி நான்கு: யாராவது பயன்படுத்துவார்கள் என்று காத்திருப்பேன்.
படி ஐந்து: வாடிக்கையாளர் மனதை மாற்றிக்கொண்டார், இந்தத் திட்டம் கைவிடப்படுகிறது என்று மெயில் வரும். கீழே சிரிக்கும் பொம்மை இருக்கும்.
படி ஆறு: முதல் படிக்குப் போகவும்.

குறிப்பு: இந்தக் கம்பெனியில் மூன்று வருடத்தில் ஐந்து முறை வந்தது. முந்தைய இரண்டு கம்பெனிகளிலும் வந்தது. இப்போதெல்லாம் இரண்டாவது படி வேலை செய்வதில்லை.'

நசீமா படித்து முடித்துவிட்டு, மேலே போய் முதல் படியிலிருந்து மறுபடியும் படித்தாள்.

"ரிப்போர்ட் நல்லா இருக்கு" என்றாள்.

"அப்ப ஒத்துக்கறீங்களா?"

"எதிர்பார்த்தது என்னன்னு காலியா விட்டிருக்கீங்க."

"அதுல என்ன எழுதறது?"

"நீங்கதான் சொல்லணும்."

"நல்லா இருக்கணும்னு எதிர்பார்த்தேன். போதுமா?"

"எந்த டெஸ்டர் இத ஒத்துக்குவா?"

ஃபாரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

*

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வந்தான். முகம் கழுவியிருந்தான். மேல்சட்டையெல்லாம் ஈரம்.

'எதிர்பார்த்தது: நான் செய்ததை யாராவது ஒருவராவது பயன்படுத்த வேண்டும்.'

இதை எழுத அவனுக்கு ஒரு நாள் ஆகியிருந்தது. பத்து வருடம் என்றும் சொல்லலாம்.

"இத பெங்களூர்க்காரங்ககிட்ட கேட்டீங்களா?" என்றாள் நசீமா.

"எத?"

"இந்த ஒரு வரிய."

மூன்று சுற்று இன்டர்வியூ நடந்திருந்தது. பதினான்கு வருட அனுபவத்தையும் தோண்டித் துருவி எடுத்துவிட்டார்கள். அவனும் எல்லாம் கேட்டிருந்தான். வீட்டிலிருந்து வேலை பார்க்கலாமா, இன்சூரன்ஸில் அப்பா அம்மாவைச் சேர்க்கலாமா, சாப்பாடு உண்டா. இதைக் கேட்கவில்லை.

அங்கேயே நின்று ஃபோன் போட்டான். அந்தப் பக்கம் ஒரு பெண் உற்சாகமாகப் பேசினாள்.

"சொல்லுங்க சார்! கன்ஃபார்ம் பண்றீங்களா?"

"ஒரே ஒரு கேள்விம்மா. நான் அங்க வந்து எழுதப்போறத யார் பயன்படுத்துவாங்க?"

"புரியல சார்."

"நான் செஞ்சு முடிச்ச பிறகு அது யார் கைக்குப் போகும்?"

"அது... நம்ம டீம் பெரும்பாலும் மாதிரி செஞ்சு காட்டறதுதான் சார். கிளையன்ட்டுக்குப் பிடிச்சா மேல எடுத்துட்டுப் போவாங்க."

"இதுவரைக்கும் எத்தனை போயிருக்கு?"

நல்ல பெண். பொய் சொல்ல வரவில்லை.

"இத யாரும் கேட்டதில்ல சார்."

"நான் வரலம்மா" என்றான் திருமாறன். "தப்பா நினைச்சுக்காதீங்க."

ஃபோனை வைத்தான். இருந்த ஒரு கதவையும் தானே சாத்திவிட்டு நிற்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அங்கயும் இதேதான்" என்றான். "இங்கயும் இதேதான். இப்ப நான் என்ன பண்றது?"

"உக்காருங்க."

"உக்காந்து?"

"இன்னும் ரெண்டு கட்டம் பாக்கி இருக்கு."

அவன் உட்கார்ந்தான். நடந்தது என்ன என்ற இடத்தில் டைப் அடித்தான்.

'மூன்று வருடத்தில் நான் செய்ததை ஒருவர்கூடப் பயன்படுத்தவில்லை.'

"தப்பு" என்றாள் நசீமா.

"எது தப்பு?"

"நடந்தது அது இல்ல."

"நசீமா, ஆறுதல் சொல்றதா இருந்தா வேண்டாம்."

"டெஸ்டர் என்னைக்கு ஆறுதல் சொல்லியிருக்கா?" என்றாள் அவள். நாற்காலியை அவன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அந்தத் தடுப்பூசி ஆப்ப சும்மா ஓட்டிப் பாக்கறதுக்கு எல்லாரும் குழந்தை பிறந்த தேதின்னு ஒண்ணு ஒண்ணு ரெண்டாயிரம்னு அடிப்பாங்க. நான் எங்க பையன் அஃப்ராஸ் பிறந்த தேதியப் போட்டேன். அப்ப அவனுக்குப் பதினோரு மாசம். ஒன்பதாம் மாசத் தட்டம்மை ஊசி போடல."

"ஏன்?"

"இங்க வேலை. வீட்டுல வேலை. மறந்தே போச்சு. ஞாபகம் வந்தப்ப ரெண்டு மாசம் தாண்டிடுச்சு. அப்புறம் போக வெக்கமா இருந்துச்சு. ஆபீஸ் போற திமிர்ல புள்ளைய மறந்துட்டான்னு நர்ஸ் திட்டுவாங்கன்னு பயம். இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே இருந்தேன்."

அவன் தன் நாற்காலியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டான்.

"மத்த ஆப்லயெல்லாம் சிவப்புல வரும். தேதி தாண்டிவிட்டதுன்னு. நீங்க என்ன எழுதியிருந்தீங்க?"

திருமாறன் யோசித்துப் பார்த்தான். நினைவுக்கு வந்ததை மெதுவாகச் சொன்னான்.

"பரவாயில்லை. இன்றுகூடப் போடலாம்."

"அது கிளையன்ட் கேட்டதா?"

"இல்ல. நானா எழுதினது."

"கேக்காதத எழுதியிருந்தா பிழைன்னு பதியணும். நான் பதியல. அன்னைக்கு அரை நாள் லீவு எடுத்தேனே, ஞாபகம் இருக்கா?"

"தலைவலின்னு சொன்னீங்க."

"தலைவலி இல்ல" என்றாள் நசீமா.

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். அவன் எழுதியதில் 'ஒருவர்கூடப் பயன்படுத்தவில்லை' என்பதை அழித்தாள். 'ஒருவர் பயன்படுத்தினார்' என்று அடித்தாள்.

திருமாறன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். ஏழாவது மாடியில் யாரும் அழுவதில்லை. அழுகிறவர்கள் படிக்கட்டுக்குப் போய்விடுவார்கள். அவன் போகவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் மரியாதையாகத் தங்கள் திரைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

கொஞ்சம் பொறுத்து நசீமா தண்ணீர்ப் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ஒரு கட்டம் பாக்கி" என்றாள்.

யார் சரிசெய்ய வேண்டும் என்பது கடைசிக் கட்டம். திருமாறன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, யோசிக்காமல், தன் பெயரை அடித்தான்.

நசீமா அதையும் அழித்தாள்.

"ஏன்?"

"ஆறு படி எழுதியிருக்கீங்க. அஞ்சாவது படி நீங்க செய்யறதா?"

"இல்ல."

"நிறுத்துன்னு மெயில் அனுப்பினது நீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு உங்க பேரு?"

பத்து வருடமாக அந்தக் கட்டத்தில் வேறு பெயர் போடலாம் என்றே அவனுக்குத் தோன்றியதில்லை.

நசீமா 'ஜெபராஜ்' என்று அடித்தாள். ஜெபராஜ் அவர்கள் மேனேஜர்.

"ஐயோ, நசீமா!"

அவள் அனுப்பிவிட்டாள்.

கண்ணாடி அறைக்குள் ஜெபராஜின் கம்ப்யூட்டர் டிங் என்றது. ஜெபராஜ் குனிந்து பார்த்தார். நெற்றி சுருங்கியது. எழுந்து மடிக்கணினியைக் கையில் ஏந்தியபடியே நேராக அவர்களிடம் வந்தார்.

"என்ன இது?"

திருமாறன் எழுந்து நின்றான்.

"என்ன விளையாட்டு இது? பிழைக்குத்தான் ரிப்போர்ட் போடணும். இது பிழையே இல்ல. தொழிலே இப்படித்தான் ஓடுது."

"முழுசாப் படிச்சீங்களா ஜெபராஜ்?" என்றாள் நசீமா.

"படிக்கணும்னு அவசியமே இல்ல. இத மூடறேன்."

"படிச்சுட்டு மூடுங்க."

பெங்களூரும் போய்விட்டது, இதுவும் போகப்போகிறது, மலரிடம் என்ன சொல்வது என்று நினைத்தான் திருமாறன்.

ஜெபராஜ் நின்றபடியே படித்தார். உதடு அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது படியில் கொஞ்சம் நின்றார். ஐந்தாவது படியில் அந்தச் சிரிக்கும் பொம்மையைப் பற்றிய வரியைத் திரும்பவும் படித்தார். அந்த மெயில்களை எழுதுகிறவர் அவர்தான். மேலேயிருந்து வருவதைக் கீழே அனுப்புகிறவர். பொம்மையைச் சேர்ப்பவரும் அவர்தான்.

குறிப்புக்கு வந்தார். 'இப்போதெல்லாம் இரண்டாவது படி வேலை செய்வதில்லை.'

அவர் விரல் மூடும் பொத்தானின் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை.

பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"எனக்கும் வருது" என்றார்.