மாலையைக் கழற்றலாமா?

சிங்கராசு நோயாளியா, திமிர் பிடித்தவனா? இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே எனக்கு அலுத்துவிட்டது. நீங்களாவது ஒரு முடிவு சொல்லுங்கள்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அவன் ஃபிட்டர். நல்ல நாள், கெட்ட நாள் பாராமல் குடிப்பான். கல்லீரல் கெட்டுவிட்டது, இனியும் குடித்தால் ஆள் மிஞ்சமாட்டான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அப்படிப்பட்டவன் கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டான். என்ன ஆச்சரியம்! ஒரு மண்டலம் முழுக்க ஒரு சொட்டுத் தொடவில்லை. கூடக் குடித்தவர்கள் அவனைக் கண்டால் "சாமி வருது" என்று பாட்டிலை ஒளித்தார்கள். "ஏலே" என்றே கூப்பிட்டுப் பழகிய அண்ணன் முத்துராசுகூட "வாங்க சாமி" என்றான்.

மலைக்குப் போய் வந்தாயிற்று. மாலையைக் கழற்றக் குருசாமி பலவேசம் வந்தபோது, சிங்கராசு இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டான்.

"வேண்டாம் சாமி. கழட்டினா குடிச்சிருவேன். செத்துருவேன்."

அவன் மனைவி சந்தனமாரி அழுதாள். "இது வியாதி சாமி. வியாதிக்காரன்கிட்டேருந்து மருந்தைப் பிடுங்குவாங்களா? ஆயுசுக்கும் கிடந்துட்டுப் போகட்டும்."

அண்ணன் பாய்ந்தான். "வியாதியாம் வியாதி! இத்தனை நாள் இருந்தவனுக்கு இனிமே இருக்க என்ன கேடு? எல்லாம் கொழுப்பு. கழட்டுங்க சாமி, ஆம்பளையா இருந்தா இருந்து காட்டட்டும்."

குருசாமிக்குத் தர்மசங்கடம். "போட்டது விரதத்துக்கு. விரதம் முடிஞ்சது. பயத்துக்குப் போட்டுக்கிட்டா சாமிக்கு என்ன மரியாதை? இனி உன் மனசுதான் உனக்குக் காவல்" என்று சொல்லிக் கழற்றிவிட்டார்.

இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: எவர் சொன்னதும் போதாது. வெறும் வியாதி என்றால் மாலைக்கு அது அடங்கியிருக்காது. வெறும் கொழுப்பு என்றால் மனிதன் அப்படிக் கழுத்தைப் பொத்திக்கொண்டு நடுங்கமாட்டான். குருசாமி நம்பிய அந்த மனசும் விரத நாட்களில் தனியாக நின்று ஜெயிக்கவில்லை. ஊரே அவனுக்கு மரியாதை கொடுத்தது, பாட்டிலைக் கண்ணில் காட்டாமல் வைத்தது. அதையும் மாலையோடு சேர்த்துக் கழற்ற வேண்டும் என்று எந்தச் சாஸ்திரம் சொன்னது? சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அன்று சாயங்காலமே அவன் முன்னால் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தது முத்துராசுதான். தம்பிக்கு மன உறுதி இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தானாம்.