வேட்டைக்காட்டு மருதியும் உடுக்கை மந்திரவாதியும்

முன்னொரு காலத்திலே, மேகங்கள் மலைகளோடு பேசிக்கொண்டிருந்த காலத்திலே, செங்குன்ற நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜாவுக்கு ஒரு வேட்டைக்காடு இருந்தது. காட்டின் நடுவே ஒரு வேட்டை மாளிகை. அதைக் காவல் காத்து வந்தது ஒரே ஒரு குடும்பம்: மருதி, அவள் புருஷன் வேம்பன், அவள் தம்பி காரி, மகள் தும்பி.

ராஜா வருவது எப்போதோ ஒரு தடவை. வேலையோ தினம் தினம்! கோழி கூவியதும் மருதி மாளிகை முற்றத்தில் நின்று குரல் கொடுப்பாள். அவள் குரல் மலையில் மோதித் திரும்பும்.

"ஏங்க, தொட்டியிலே தண்ணி ஊத்துங்க! தம்பி, மானுக்கு உப்புக்கட்டியை வை! தும்பி, படலைச் சாத்து!"

வேம்பன் தொட்டியை நிரப்புவான். காரி உப்புக்கட்டியை உருட்டி வருவான். குட்டிப்பெண் தும்பி வேலியின் மூங்கில் படலைத் தள்ளிச் சாத்திவிட்டு, ஓடி வந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொள்வாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. மான், பன்றி, முயல் எல்லாம் மலை தாண்டிப் போய்விட்டன. அந்த நேரம் பார்த்தா வரவேண்டும்? கொம்பு ஊத, குதிரை கனைக்க, மகுடவர்மராஜா வேட்டைக்கு வந்து இறங்கினார்!

"எங்கே விலங்குகள்?" என்று கர்ஜித்தார். "இன்று மாலைக்குள் எனக்கு வேட்டை காட்டுகிறவனுக்கு இந்தக் காடே பரிசு!"

கூட்டத்திலிருந்து ஒருவன் முன்னே வந்தான். கோணல் பல், கையில் கறுத்த உடுக்கை, தோளில் ஒரு மைனா. அவன்தான் வக்ரதந்தன் என்ற மந்திரவாதி.

"மாலை எதற்கு மகாராஜா? கொஞ்சம் கண் அயர்ந்து எழுந்திருங்கள். இதுவரை யாரும் பார்க்காத மூன்று விலங்குகளைக் காட்டுகிறேன்" என்றான்.

மருதி அப்போது ஓடையில் ராஜாவின் விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தால் வீட்டில் ஒருவரும் இல்லை! தண்ணீர்க் குடம் வழியில் கவிழ்ந்து கிடந்தது. அடுப்பில் கஞ்சி தீய்ந்துகொண்டிருந்தது. 

வாசல் மரத்தில் அந்த மைனா கட்டிக் கிடந்தது. "பசிக்குது! பசிக்குது! பசிக்குது!" என்று கத்தியது. தன் வீட்டாரைத் தேடி ஓட இருந்தவள், அந்தக் கத்தலைத் தாங்காமல் ஒரு பிடி தினையை அதன் முன்னே போட்டாள்.

மைனா தின்றது. கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்த்தது. "எனக்குச் சோறு போட்டவ நீதான், அதனால சொல்றேன். உடுக்கை அடிச்சான், உடம்பை மாத்தினான்! உன் புருஷன் கலைமான், உன் தம்பி காட்டுப்பன்றி, உன் மக வெள்ளை முயல்!"

"ஐயோ! இதுக்கு என்ன மாற்று?"

"குறி பார்த்த வில்லை ராஜாவே மனசு இரங்கித் தாழ்த்தணும். பிடுங்கினா பலிக்காது, தட்டிவிட்டாலும் பலிக்காது. வில் தாழ்ந்தா வித்தை தீரும்!"

மருதி ஓடினாள். முற்றத்தில் ராஜா வில்லோடு நின்றார். அவர் காலில் விழுந்தாள்.

"மகாராஜா, அம்பு விடாதீங்க! வரப்போறது மிருகமில்லே, என் வீட்டு மனுஷங்க!"

வக்ரதந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். "வெயிலில் துணி துவைத்து மூளை கலங்கிவிட்டது, பாவம்!"

ராஜாவும் சிரித்துவிட்டார். "காவல்காரி, தள்ளி நில்!"

டும் டும் டும் என்று உடுக்கை அதிர்ந்தது. புதர் விலகியது. பொன்னாய் மின்னும் கலைமான், பிறைநிலாக் கோரைப்பல் பன்றி, பால்போல வெள்ளை முயல் மூன்றும் முற்றத்துக்குள் பாய்ந்து வந்தன! நாண் விர்ரென்று இழுபட்டது. எதை முதலில் எய்வது என்று அம்பு முனை அலைந்தது.

மருதி என்ன செய்வாள்? யாரைக் கூப்பிடுவாள்? சட்டென்று நிமிர்ந்தாள். தினமும் கொடுக்கிற அதே குரலைக் கொடுத்தாள்.

"ஏங்க, தொட்டியிலே தண்ணி ஊத்துங்க!"

மான் நின்றது. திரும்பியது. கிணற்றடி வாளியைக் கொம்பில் மாட்டித் தூக்கி வந்து தொட்டியில் சாய்த்தது! ராஜாவின் கண் விரிந்தது.

"தம்பி, உப்புக்கட்டியை வை!"

பன்றி மூக்கால் முட்டி முட்டி உப்புக்கட்டியை உருட்டி வந்தது! ராஜா மந்திரவாதியைத் திரும்பிப் பார்த்தார்.

"பழக்கிய மிருகங்கள் மகாராஜா! எய்யுங்கள்! எய்யுங்கள்!" என்று மந்திரவாதி அலறினான்.

முயல் அதற்குள் திறந்த படலருகே போயிருந்தது. ஒரே தாவு தாவினால் காடு. அம்பு முனை அதன் மேல் நின்றது.

'ஓடிடு கண்ணு' என்று சொல்லத்தான் மருதியின் வாய் துடித்தது. ஆனால் ஓடிவிட்டால் மகள் என்றைக்கும் முயல்தானே! கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்:

"தும்பி, படலைச் சாத்து!"

முயல் காட்டைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. பிறகு குட்டித் தலையால் படலை முட்டித் தள்ளிச் சாத்தியது! தப்பிக்கும் வழியைத் தானே அடைத்துவிட்டு, குடுகுடுவென்று ஓடி வந்து மருதியின் காலோடு ஒட்டிக்கொண்டது.

"தாய் சொன்னாள் என்று உயிரையே விட்டுக்கொடுக்கிறதே! இது மிருகமா?" என்றார் ராஜா. வில் மெல்ல மெல்லத் தாழ்ந்தது.

படார்! உடுக்கை கிழிந்தது. மான் நின்ற இடத்தில் வேம்பன், பன்றி நின்ற இடத்தில் காரி! மருதியின் காலடியில் தும்பி! மந்திரவாதி படலைத் தாண்டி ஓடினான். காரி வளர்த்த வேட்டைநாய்கள் நாட்டு எல்லைவரை அவனைத் துரத்தின. மருதி போய் மைனாவின் கட்டை அவிழ்த்துவிட்டாள்.

ராஜா தும்பியின் முன்னே மண்டியிட்டார். "முயலாக இருந்தது எப்படி இருந்தது, குழந்தை?"

"ரொம்ப வேகமா ஓடலாம்" என்றாள் தும்பி. கொஞ்சம் யோசித்தாள். "ஆனா பயமா இருந்துச்சு. எந்தச் சத்தம் கேட்டாலும் என்னைக் கொல்லத்தான் வர்றாங்கன்னு தோணுச்சு."

ராஜா எழுந்தார். பிறகு வில்லை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தார்.

"வேட்டை காட்டுகிறவனுக்குக் காடு என்றேன். தப்பு. காப்பாற்றியவளுக்குத்தான் காடு. மருதி, இனி இது உன்னுடையது. இங்கே அம்பு எடுக்கிறவன் யாராக இருந்தாலும், நானே ஆனாலும், நீ விரட்டி அடிக்கலாம்!"

ஐப்பசியில் மழை கொட்டியது. மலை தாண்டிப் போன விலங்கெல்லாம் குட்டிகளோடு திரும்பி வந்தன. அந்தக் காட்டு முயல்கள் மட்டும் கொம்பு ஊதினாலும் ஓடாதாம். காதை ஆட்டிக்கொண்டு புல்லைத் தின்னுமாம். அவை சுகமாக இருக்கட்டும், கதை கேட்ட நாமும் சுகமாக இருப்போம்.