விதைப்புக்கு முந்திய மாதங்கள்

கானான் தேசத்துக் குன்று ஒன்றின் மேல் இருந்த ஊர் அது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. வெளியூரிலிருந்து வந்து நிலம் பெறுகிறவர், உள்ளங்கை அகலச் சுண்ணாம்புக் கல்லில் வருஷத்து வேலைகளைத் தன் கையாலேயே வரிசையாகக் கீற வேண்டும். ஓரத்தில் தன் பெயரையும் கீற வேண்டும். கல்லை ஊர்வாசலில் கொண்டுவந்து வைத்தால்தான் நிலம் அவருடையது. எழுதத் தெரியாதவர்கள் அசேல் என்ற குருவிடம் போய்க் கற்றுக்கொள்வார்கள்.

நேரியாவும் போனார். சீடருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. குருவின் தாடியிலோ வெள்ளை முடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

போரில் வீடும் வயலும் எரிந்துபோக, மனைவி மில்காளோடு கோடை முடிவில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர் நேரியா. ஒபேத் என்பவர் அந்த வருஷம்தான் வாரிசில்லாமல் இறந்திருந்தார். அவருடைய நிலத்தை ஊரார் இவருக்குக் காட்டினார்கள். கீழே கோதுமை வயல், மேலே சரிவில் ஒலிவ மரங்கள். மரங்கள் கிளை தாழக் காய்த்திருந்தன.

நேரியா ஒரு காயைக்கூடத் தொடவில்லை. அப்படி ஒரு ரோஷக்காரர்.

"கீழ விழுந்ததையாவது பொறுக்கலாமே," என்றாள் மில்காள்.

"அது நான் நட்டதா?"

"மழைக்கு முன்னாடி உலுக்கி எடுக்கலைன்னா எல்லாம் அழுகிப் போயிடும். அப்புறம் குளிர்காலம் பூரா உங்க ரோஷத்தை ஊத்தியா விளக்கெரிக்கிறது?"

நேரியா பாடத்துக்குக் கிளம்பிவிட்டார்.

எழுத்து அவருக்குச் சீக்கிரமே பிடிபட்டது. ஏர் பிடித்த கை, கல்லிலும் கோணாமல் போயிற்று. ஒரு நாள் அசேல் வருஷத்தைச் சொல்லிக்கொடுத்தார். ஒலிவக் காய்களை உலுக்கிச் சேர்க்கும் மாதங்கள் இரண்டு. விதைக்கும் மாதங்கள் இரண்டு. பின்விதைப்புக்கு இரண்டு. சணல் வெட்ட ஒன்று. வாற்கோதுமை அறுக்க ஒன்று. கோதுமை அறுத்து அளக்க ஒன்று. திராட்சைக் கொடிக்கு இரண்டு. கோடைக் கனிக்கு ஒன்று.

நேரியா கீறி முடித்துக் கல்லை நீட்டினார். முதல் வரியில் விதைப்பு இருந்தது. சேர்ப்பு கடைசிக்குப் போயிருந்தது.

அசேல் கத்தியை எடுத்துக் கல்லைச் சுரண்டினார்.

"இன்னொரு தடவை எழுதுங்கண்ணே."

நேரியா எழுதினார். மறுபடியும் விதைப்புதான் முதலில். மறுபடியும் சுரண்டல். அதற்கடுத்த தடவையும் அதே கதைதான். குருவின் மடி முழுக்க வெள்ளைப் பொடியாகிவிட்டது.

"மறந்து எழுதறீங்களா, தெரிஞ்சே எழுதறீங்களா?"

"தெரிஞ்சேதாங்க ஐயா. விதைக்காம எவனாவது சேர்ப்பானா? திருடன்தான் சேர்ப்பான்."

அசேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய் ஒரு கூடை நிறைய விதைக் கோதுமை கொண்டுவந்தார்.

"நியாயமான பேச்சு. விதைப்பு முதல்ல வரணும்னா போய் விதைச்சுட்டு வாங்க. அப்புறம் கல்லு நீங்க சொன்னபடியே இருக்கட்டும்."

நேரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் விடிந்ததும் இரவல் மாடுகளைப் பூட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். கோடை வெயில் குடித்த மண். ஏரின் கொழு கீறிக்கொண்டு வழுக்கியதே தவிர, விரல்கடைகூட உள்ளே போகவில்லை. மழை விழாமல் மண் இளகாது என்பது அவருக்குத் தெரியாததா? வாழ்நாளெல்லாம் உழுதவர்தானே. எல்லாம் வீம்பு. அழுத்திப் பார்த்தார், மாடுகளை அதட்டினார், கடைசியில் மாடுகளே நின்றுவிட்டன.

மில்காள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவருக்கு.

கூடையை அப்படியே திருப்பிக் கொண்டுபோய் வைத்தார்.

"விதைச்சாச்சா?"

"மண்ணு இளகலைங்க."

"எப்ப இளகும்?"

"மழை பெய்யணும்."

"பெஞ்சு, விதைச்சு, விளையற வரைக்கும் அண்ணி எதைச் சாப்பிடுவாங்க?"

"போன வருஷத்து விளைச்சலைத்தான் சாப்பிடணும்." நேரியா தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத்தான் இங்க போன வருஷமே இல்லைங்களே."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. ஊர் எரிந்த அன்றுகூட அவர் அழவில்லை. அசேல் அவரைத் தேற்றப் போகவில்லை. குடுவையில் தண்ணீர் எடுத்துவந்து பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மேற்கே, கடல் பக்கம், வருஷத்தின் முதல் மேகம் திரண்டுகொண்டிருந்தது.

நேரியா தண்ணீரைக் குடித்தார். மனசு கொஞ்சம் லேசாயிற்று.

"ஐயா, மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன். ஒபேத் பாடுபட்டு நட்டு வளர்த்த மரம். ஒரு வாய் எண்ணெய்க்குக்கூட அவர் இல்லை. நேத்து வந்தவன் நான் போய் உலுக்கறதா? எனக்குக் கை வரலைங்க."

"ஒபேத் இந்த ஊருக்கு வந்தே பத்து வருஷம்தான் ஆச்சு," என்றார் அசேல்.

நேரியா நிமிர்ந்து பார்த்தார். காலையில் மாட்டைக் கட்டப் போனபோது கயிறு ஒலிவ மரத்தின் அடியைச் சுற்றி வர எட்டாமல் போனது நினைவுக்கு வந்தது. பத்து வருஷத்து மரத்துக்கு அத்தனை பருமன் ஏது?

"அப்ப அதையெல்லாம் நட்டது யாருங்க?"

அசேல் விதைக் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒபேத்தும் வந்த புதுசுல இங்க உக்காந்து இதையேதான் கேட்டாருண்ணே. கேட்டு முடிக்கிறதுக்குள்ள மழை புடிச்சுக்கிச்சு. அந்த வருஷம் உலுக்காத காயெல்லாம் பறவைங்களுக்கு நல்ல சாப்பாடு."