நாலு நாலாக வந்த அரிசி

இதை எனக்கு முதலில் சொன்னது என் நாத்தனார் ரெஜினா, போன தவக்காலத்தில், கோயிலில் பீடத்துணி மடிக்கும்போது. சிரிப்பு தாங்காமல் இருவரும் வெளியே ஓடிவந்தோம். ஆண்டவர் மன்னிப்பாராக.

கூழைக்குளம் ரேசன் கடையில் சேசடிமை விற்பனையாளர், இசக்கிமுத்து எடையாளர். அன்று மாதக் கடைசி. ஐந்து மணிக்குள் பில் வராவிட்டால் அந்த மாத அரிசி போச்சு. அந்தோணியம்மாள் வீட்டிலோ பதினோரு பேர், பானையில் ஒரு மணி அரிசி இல்லை.

அவள் கார்டை மெஷினில் வைத்ததும், ‘தகவல் அளவு அதிகம்’ என்று எழுத்து வந்தது.

இசக்கிமுத்து கார்டைத் தராசில் போட்டார். ஐந்து கிராம். தன் கார்டையும் போட்டார். அதுவும் ஐந்து கிராம்.

“உம்ம வீட்ல ரெண்டு பேருதானவே?” என்றார் சேசடிமை.

“ஆமா. ரெண்டு பேரும் அஞ்சு கிராம், பதினோரு பேரும் அஞ்சு கிராம். பாவம், மெலிஞ்சு போயிட்டாங்க.”

“அதத்தான் காலையிலேருந்து சொல்லுதேன்,” என்றாள் அந்தோணியம்மாள். “அரிசியப் போடுங்க அண்ணாச்சி.”

மெஷின் பழுது பார்ப்பவருக்குப் போன் போட்டார்கள்.

“அதுக்கு வாய் சின்னது. பதினோரு பேரை ஒரே மடக்குல விழுங்காது. நாலு நாலா அனுப்பணும். ‘சரி’ன்னு பதில் வந்தாத்தான் அடுத்த நாலு. நடுவுல ஏதும் விட்டுப்போனா முதல்லேருந்து. வாங்கினாலும் கொடுத்தாலும் இதான் முறை. இருங்க, இங்கேருந்தே பாக்கேன்.”

அவர் பார்ப்பதற்குள் இவர்கள் அந்தோணியம்மாள் வீட்டாரை மொத்தமாக அழைத்துவந்து, முதல் நாலு பேரை மெஷின் முன்னால் நிறுத்திவிட்டார்கள். மெஷின் பேசவில்லை.

“புதுசுல்லா, பேச்சு வரல. நீரே சொல்லும்,” என்றார் சேசடிமை.

இசக்கிமுத்து மெஷினுக்குப் பின்னால் குனிந்து, “சரி” என்றார்.

அடுத்த நாலு. “சரி.”

மிச்சம் மூணு பேர்.

“ஒண்ணு குறையுதே.”

“அவங்க வெள்ளாடு இருக்கே. அதுவும் அந்த வீட்லதான சாப்பிடுது?”

ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்தவும், அங்கே பழுது பார்ப்பவர் சரிசெய்து முடிக்கவும், பில் வரவும் சரியாக இருந்தது. ஐந்து மணிக்கு இன்னும் ரெண்டே நிமிஷம்.

“பாத்தீரா, ஆடுதான் குறை,” என்றார் சேசடிமை.

அந்தோணியம்மாள் சாக்கை விரித்தாள். இசக்கிமுத்து படியை எடுத்தார்.

“பொறும். கொடுத்தாலும் நாலு நாலாத்தான்,” என்றார் சேசடிமை.

“நாலு கிலோவா?”

“போன்ல அவரு கிலோன்னு சொன்னாரா?”

“சொல்லல.”

“அப்போ நாலு அரிசி.”

இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாலு அரிசி, அந்தோணியம்மாள் ஒரு “சரி”. நாலு அரிசி, ஒரு “சரி”. ஒரு கைப்பிடி சேர்ந்ததும் ஆடு வந்து நக்கிவிடும். உடனே சாக்கை உதறிவிட்டு முதலிலிருந்து.

கூழைக்குளம் பக்கம் போனால், கொஞ்ச நேரம் அந்த ஆட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.