இரண்டு நாள் பிழை

ஆற்றை ஒட்டிய ஒரு காட்டில், அணிலும் முள்ளம்பன்றியும் கோடை முழுவதும் சேர்ந்து இயற்கணிதம் படித்தன. பல்லுறுப்புக்கோவையைக் காரணிகளாகப் பிரிப்பதுதான் அவை படித்த கடைசிப் பாடம்.

அணில் வேகமானது. பெருக்கினால் கடைசி எண் வரவேண்டும், கூட்டினால் நடு எண் வரவேண்டும். அப்படிப்பட்ட இரண்டு எண்களை அது நொடியில் கண்டுபிடித்துவிடும். முள்ளம்பன்றியோ மெதுவானது. விடை கிடைத்த பிறகும் காரணிகளைப் பெருக்கி, பழைய கோவை திரும்ப வருகிறதா என்று பார்க்கும். அது வீண் வேலை என்று அணில் சொல்லும்.

மழைக்காலம் வந்ததும் முள்ளம்பன்றி மேட்டிலுள்ள தன் குகைக்குப் போய்விட்டது. ஆற்றங்கரை வளையில் இருந்த ஒரு காட்டெலிக்கு அந்த வாரம் ஆறு குட்டிகள் பிறந்தன.

வெள்ளமும் ஏறத் தொடங்கியது. எலி கரையில் ஒரு குச்சியை நட்டு அளந்தது. முதல் நாள் தண்ணீர் மூன்று விரல் உயரம் ஏறியிருந்தது. இரண்டாம் நாள் எட்டு விரல். மூன்றாம் நாள் பதினைந்து. வளையின் வாசல் எண்பது விரல் உயரத்தில் இருந்தது.

எலி அணிலிடம் போய் எல்லாவற்றையும் சொன்னது. குட்டிகள் கண் திறந்து நடக்க இன்னும் ஆறு நாள் ஆகும், இப்போதே மழையில் தூக்கிக்கொண்டு மேடேறினால் குளிர் தாங்காது, தண்ணீர் என்றைக்கு வாசலைத் தொடும் என்று கேட்டது.

அணில் சட்டென்று கணக்கைப் பிடித்துக்கொண்டது. எத்தனையாம் நாள் என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அதோடு அந்த எண்ணின் இரு மடங்கைக் கூட்டினால் தண்ணீரின் உயரம் கிடைத்தது. நாளின் எண்ணை x என்று வைத்து, மரப்பட்டையில் 'எலி வளையைத் தண்ணீர் தொடும் நாள்' என்று எழுதி, அதன் கீழே x² + 2x − 80 = 0 என்று கீறியது.

எட்டையும் பத்தையும் பெருக்கினால் எண்பது. இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு. ஏதாவது ஒன்றுக்குக் கழித்தல் குறி போடவேண்டும். எதற்கு என்று யோசிக்காமல் அணில் பத்துக்குப் போட்டது: (x − 10)(x + 8) = 0.

"பத்தாம் நாள். அதற்குள் உன் குட்டிகள் நடந்துவிடும்" என்றது.

எலி நிம்மதியாகத் திரும்பியது. ஆனால் ஏழாம் நாள் மாலை, வாசலுக்குப் பதினேழு விரல் கீழே தண்ணீர் நின்றது. பயந்துபோய் மறுபடி ஓடியது. கணக்கு பொய் சொல்லாது, இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று அணில் கிளையில் இருந்தபடியே சொல்லி அனுப்பியது. எலி தன் கண்ணை நம்பவில்லை, அணிலின் கணக்கை நம்பியது.

எட்டாம் நாள் காலை முள்ளம்பன்றி கிழங்கு தேடிக் கீழே வந்தது. அணில் தன் மரத்தில் இல்லை. மரப்பட்டையில் இருந்த கணக்கைப் படித்து, வழக்கம்போல் பெருக்கிப் பார்த்தது. நடுவில் +2x வரவேண்டும், −2x வந்தது. குறி இடம் மாறியிருந்தது. கழித்தல் குறி எட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

முள்ளம்பன்றி கரைக்கு ஓடியது.

"பத்தாம் நாள் இல்லை, எட்டாம் நாள். இன்றைக்குத்தான். உடனே கிளம்பு."

வாசலைத் தண்ணீர் ஏற்கெனவே நனைத்துக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றியின் உடம்பு அந்தக் குறுகிய வளைக்குள் நுழையவில்லை. எலி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போய் மேட்டுப் பாறையின் அடியில் வைத்தது. திரும்பி வந்து இன்னொன்றைத் தூக்கிப் போனது. மூன்றாம் முறை வந்தபோது வாசல் தெரியவில்லை. பழுப்புத் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. எலி மூன்று தடவை மூழ்கித் தேடியது. நான்காம் தடவை முள்ளம்பன்றி அதைப் பிடித்து நிறுத்தியது.

சேதி கேட்டு வந்த அணில் பாறை அருகே நனைந்தபடி நின்றது. எலி திட்டவில்லை.

"பெருக்கிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும், அணிலாரே?" என்று கேட்டது.

அணில் தலை நிமிரவில்லை. "ஒரு கொட்டையை உடைக்கும் நேரம்" என்றது.

எலி மிஞ்சிய இரண்டு குட்டிகளையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மறுபக்கம் திரும்பிப் படுத்தது.

நீதி: சரிபார்க்காமல் சொன்ன விடைக்கு, சொன்னவரை விட நம்பியவரே அதிகம் இழக்கிறார்.