மூன்றாவது இனம்

மாசிலாமணி மண்டையோடுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் இரண்டு வரிசையாக வைத்தார். எல்லாம் ஆற்று டால்பின்களுடையவை. கொக்கின் அலகு மாதிரி நீண்ட மூக்கு. கண் இருந்த இடத்தில் கடுகளவு குழி.

எதிரே பேராசிரியர் திலகவதி நின்றிருந்தார். எந்த எலும்பு எந்த விலங்கினத்தைச் சேர்ந்தது என்று பார்த்துச் சொல்வதே அவருடைய வாழ்நாள் வேலை. அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை என்று பெயர். மாசிலாமணி அவரிடம் படித்தவர். இப்போது அவரே பேராசிரியர்; காதோரம் நரைத்துவிட்டது. ஆனாலும் திலகவதியின் எதிரில் அவர் இன்னும் உட்காருவதில்லை.

"இந்த வரிசை மடுவுல கிடைச்சது மேடம். அந்த வரிசை கீழாத்துல கிடைச்சது. மூக்கைப் பாருங்க. மடுவுல இருக்கிறதுக்கு நீளம் அதிகம். இது தனி இனம்."

திலகவதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

மடு வடக்கே இருக்கிறது, கங்கையில் போய்ச் சேரும் ஓர் ஆற்றில். அந்த ஆற்றின் குறுக்கே இரண்டு அணைகள். அணை கட்டியபோது நடுவில் மாட்டிக்கொண்ட டால்பின்கள் மேலேயும் போக முடியாமல் அணைக்குக் கீழே இருக்கும் கீழாற்றுக்கும் போக முடியாமல் அந்த ஆழமான மடுவிலேயே குட்டி போட்டு வாழ்ந்துவந்தன. இப்போது அணைகளில் கப்பல் கடக்க மதகு வைத்து அந்த வழியாகச் சரக்குக் கப்பல் விடப் போகிறார்கள். கண் தெரியாத விலங்கு அது. காதை வைத்துத்தான் இரை தேடும், வழி தேடும். கப்பல் இரைச்சலில் பிழைக்காது.

அரசு ஒரு குழு அமைத்தது. குழு திலகவதியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தது. மடுவில் இருப்பது தனி இனமா? ஆம் என்றால் திட்டம் நிற்கும். உலகத்தில் வேறெங்கும் இல்லாத விலங்கை ஒழித்த பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. இல்லை என்றால் வேலை தொடங்கும்.

"பேருகூட யோசிச்சு வெச்சுட்டேன்" என்றார் மாசிலாமணி. "உங்க பேரு."

திலகவதி நிமிர்ந்தார்.

"இந்த வரிசையில எத்தனை பெண்?"

மாசிலாமணி ஒரு மண்டையோட்டை நேராக்கி வைத்தார். செத்து ஒதுங்கிய ஒவ்வொன்றையும் தன் கையால் இழுத்துக் கரையேற்றியவர் அவர். மணலில் புதைத்து, சதை மக்கிய பிறகு தோண்டி எடுத்தவர். அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"எத்தனை?"

"எல்லாமே பெண்தான் மேடம்."

"கீழாத்து வரிசை?"

"ஆண்."

"பெண்ணுக்கு மூக்கு நீளம்னு உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?"

"நீங்கதான்."

திலகவதி கையில் எடுத்திருந்த மண்டையோட்டை மெதுவாக மேசைமேல் வைத்தார். "இது தனி இனம் இல்லை, மாசிலா."

மாசிலாமணிக்கு முகம் சிவந்தது. ஆசிரியர் முன்னால் முதல் முறையாகக் குரல் உயர்த்தினார்.

"சிந்துவுல இருக்கிறதும் கங்கையில இருக்கிறதும் வேறன்னாங்க. அப்புறம் ரெண்டும் ஒண்ணுன்னாங்க. இப்ப மறுபடியும் வேறங்கிறாங்க. பெரியவங்க எல்லாம் இஷ்டத்துக்கு மாத்தலாம். நாம மூணாவதா ஒண்ணு சேர்த்தா வானம் இடிஞ்சு விழுந்துடுமா?"

"எலும்பைப் பார்த்து மாத்தினாங்க. கப்பலைப் பார்த்து மாத்தலை."

"உங்க வார்த்தையில எல்லாம் செத்துப்போகும். அது பரவாயில்லையா உங்களுக்கு?"

திலகவதி கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"நான் குழுக் கூட்டத்துல உங்களை எதிர்த்துப் பேசுவேன்."

"பேசு" என்றார் திலகவதி.

கூட்டத்துக்கு இருவரும் தனித்தனியாகப் போனார்கள். நீளமான அறை. குழுவின் தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் அதிகாரிகள், பொறியாளர்கள். மாசிலாமணி கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, பேச வேண்டியதை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார். எதிரே தன் குரு தனியாக நிற்பதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்.

"மடுவில் இருப்பது தனி இனமா?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லை. கீழாற்றில் இருக்கும் அதே இனம்."

தலைவரின் முகம் மலர்ந்தது. "நன்றி, அம்மா. அப்படியானால் இழப்பு எதுவும் இல்லை. அதே விலங்குதான் கீழேயும் இருக்கிறதே."

யாரோ மேசையைத் தட்டினார்கள். பொறியாளர் ஒருவர் வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

திலகவதி நகரவில்லை.

"அது யாருன்னு கேட்டீங்க. சொல்லிட்டேன். அதைக் கொல்லலாமான்னு நீங்க கேக்கலை. கேளுங்க. அதுக்கும் என்கிட்ட பதில் இருக்கு."

பொறியாளர் சுருட்டுவதை நிறுத்தினார்.

"அந்தக் கேள்விக்கு இங்கே இடமில்லை" என்றார் தலைவர். "நீங்கள் உட்காரலாம்."

"கேக்கிற வரைக்கும் நிக்கிறேன்."

தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். ஒருவர் தண்ணீர் குடித்தார். ஒருவர் கைபேசியைத் திருப்பிப் பார்த்தார். வயதான ஒரு பெண் பதில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கேள்வி கேட்க ஆளில்லை.

தலைவருக்குச் சட்டென்று ஒன்று நினைவு வந்தது. பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடலாம் என்று கடைசி நாற்காலியைப் பார்த்தார்.

"டாக்டர் மாசிலாமணி, உங்களுக்கு மாற்றுக் கருத்து இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சொல்லுங்கள்."

மாசிலாமணி எழுந்தார். தனி இனம் என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அப்போதுதான் திலகவதியை நேராகப் பார்த்தார். அவர் இவரைத் தடுக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. காத்திருந்தார்.

"மாற்றுக் கருத்து இல்லை" என்றார் மாசிலாமணி. "அது தனி இனம் இல்லைதான். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது."

"யாரிடம்?"

"என் ஆசிரியரிடம்."

தலைவர் கையை உயர்த்துவதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"அதைக் கொல்லலாமா, மேடம்?"

"கூடாது."

தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "எந்த அடிப்படையில் சொல்கிறீர்கள், அம்மா? வேறெங்கும் இல்லாத விலங்கு இல்லை. தனி இனம் இல்லை. நீங்களே சொல்லிவிட்டீர்கள். வேறு என்னதான் இருக்கிறது அதற்கு?"

"உயிர் இருக்கு" என்றார் திலகவதி.