இரத்தம் திரும்பிப் பார்த்த நாள்

மீனும் மரமும் மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உடம்புக்குள் ஓடும் இரத்தத்துக்கும் பேச்சு உண்டு. அதன் தாய் கடல். சந்தேகமென்றால் நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். தாயைப் பிரிந்து மனித உடம்புக்குள் அடைபட்ட நாளிலிருந்து, எப்போது வீட்டுக்குப் போவோம் என்று அதற்கு ஒரே ஏக்கம். தோலில் சின்னக் கீறல் விழுந்தால் போதும், கதவு திறந்துவிட்டது என்று கிளம்பிவிடும். ஒரு முள் குத்தினாலே ஆள் போய்ச் சேர்ந்துவிடுவான்.

கடலோரக் குப்பம் ஒன்றில் சங்காயி என்றொருத்தி இருந்தாள். அவள் புருஷன் திமிலன் மீன்பிடிக்கப் போகிறவன். கடலுக்குப் புறப்பட்டவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது அந்தக் கரையின் வழக்கம். கூப்பிட்டால் கடலுக்குக் கோபம் வருமாம். அவன் கட்டுமரம் தள்ளும்போதெல்லாம் ‘போகாதீக’ என்ற சொல் சங்காயியின் தொண்டை வரை வரும். ஒருநாளும் சொன்னதில்லை. அவன் கரை திரும்பும் வரை அவளுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் வலையிலிருந்து மீனைக் கழற்றும்போது கெளிற்று மீனின் முள் திமிலனின் உள்ளங்கையில் ஏறிவிட்டது. இரத்தம் கொஞ்சமும் யோசிக்கவில்லை. மணலில் இறங்கி அலையைப் பார்த்து ஓடியது. திமிலன் முகம் வெளுத்துச் சாய்ந்தான். சங்காயி ஓடி வந்து அவன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“கையை எடு தாயி,” என்றது இரத்தம். “அந்தா, எங்கம்மா கூப்பிடுறா. எத்தனை காலமா உள்ளேயே சுத்திக்கிட்டுக் கிடக்கேன்.”

ஏக்கம் என்றால் என்னவென்று சங்காயிக்குத் தெரியாதா? போகிறவரைக் கூப்பிட்டும் பழக்கமில்லை. இரத்தமோ அவள் விரலிடுக்கில் வழிந்து போய்க்கொண்டே இருந்தது. திமிலனின் கை சில்லிட்டது. மறுகையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் அடக்க முடியாமல், பொத்திய விரல்களுக்கு நடுவே பாதிக் குரலாக அது வந்துவிட்டது.

“போகாதே!”

இரத்தம் திரும்பிப் பார்த்தது.

“என்னையா கூப்பிட்ட? எல்லாரும் என்னைத் துடைச்சுத்தான் போட்டிருக்காக. இருன்னு ஒருத்தரும் சொன்னதில்லை.”

“இரு. எனக்காக இரு.”

“நிக்கணும்னா பிடிச்சுக்க ஏதாச்சும் வேணுமே.”

சங்காயி பக்கத்தில் கிடந்த வலையிலிருந்து ஒரு பிடி நூலை அறுத்துக் காயத்தின்மேல் வைத்தாள். “இதை உனக்குள்ளேயே கரைச்சு வச்சுக்க. கதவு திறந்தா மட்டும் வலையா விரிச்சு அதுல ஒட்டிக்க. காயம் ஆறினதும் சுருட்டிரு.”

இரத்தம் அப்படியே செய்தது. அதன் ஓட்டம் தளர்ந்தது, கூழாகி இறுகியது, கருத்துப் பொருக்காகியது. திமிலன் கண் திறந்தான். நடந்ததைக் கேட்டதும் அவனுக்குச் சின்னதாக ஒரு கோபம்.

“இத்தனை வருசத்துல என்னை ஒரு தரமாச்சும் அப்படிக் கூப்பிட்டிருக்கியா?”

“கூப்பிட்டா நின்னுருவீகளே. அப்புறம் உலையில கல்லையா போட?” என்றாள் சங்காயி. சொல்லிவிட்டு அவன் தோளில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள்.

மற்ற உடம்புகளில் ஓடிய இரத்தத்துக்கும் அந்தக் குரல் கேட்டது. ஆனால் அவள் கூப்பிட்டது பாதிக் குரலில்தானே? சில உடம்புகளின் இரத்தத்துக்கு அது எட்டவேயில்லை. அவர்களுக்குச் சின்னக் காயம் பட்டாலும் இரத்தம் நிற்காமல் வீடு தேடி ஓடுகிறது. வேறு சிலர் நோயில் விழுந்து அசையாமல் கிடக்கும்போது, காலில் தேங்கிய இரத்தம், கதவே திறக்காத இடத்தில் யாரோ ‘போகாதே’ என்று கூப்பிட்டதாக நினைத்து, வலையை விரித்துக் கட்டியாகிவிடுகிறது. அந்தக் கட்டி பெயர்ந்து நெஞ்சுக்குள் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

மற்றபடி அன்று தொடங்கித்தான், நமக்குக் காயம் பட்டால் இரத்தம் கடலை நினைத்துக் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, யாரோ இருக்கச் சொன்னதற்காக உறைந்து நின்றுவிடுகிறது.